இப்ப வரும் பாரு: காட்டியல் குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

தமிழில் களவியல் உண்டு, கற்பியல் உண்டு, மரபியல்கூட உண்டு. ஒருவர் தம் செல்போனில் கண்டெடுத்த வேடிக்கை ஒன்றை அடுத்தவர் மூக்குக்கு நேரே நீட்டி, “இதைப் பாரேன்” என்று சொல்லும் செயலுக்கு மட்டும் இலக்கணம் இல்லை. நாள் தவறாமல் டீக்கடையில், மின்சார ரயிலில், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்து நிற்கும்போது, சில சமயம் துக்க வீட்டு ஷாமியானாவுக்குள்ளும் நடக்கிற காரியம் இது. இத்தனை பரவலான ஒன்றைப் பழம்புலவர்கள் விட்டுவைத்ததற்கு அவர்களிடம் செல்போன் இல்லாதது காரணமாக இருக்கலாம். அந்தச் சாக்கு நமக்கு இல்லை. ஆகவே இத்துறைக்குக் காட்டியல் என்று பெயர் சூட்டி, முதல் அத்தியாயத்தை எழுதத் துணிகிறேன்.

காட்டுகிறவரைக் காட்டுநர் என்றும், பார்க்க நேர்ந்தவரைக் காணுநர் என்றும், காட்டப்படுவதைப் பண்டம் என்றும் இக்கட்டுரை குறிக்கும். பண்டம் எதுவாகவும் இருக்கலாம். கானா நாட்டில் 1980களில் மாவு மூட்டைகளைப் பிரித்துத் தைத்து, அதன்மேல் கையால் வரைந்த சினிமா போஸ்டர்கள் ஒரு பண்டம். வரைந்தவர் பல நேரம் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆகவே படத்தில் இல்லாத பாம்பும் பேயும் போஸ்டரில் தாராளமாக இருக்கும். நம்மூர் வால்போஸ்டர் மரபில் வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை என்றாலும், காட்டுநர் அதிர்ச்சியை எதிர்பார்த்தே காட்டுகிறார்.

ஆய்வு முறை: பக்கத்தில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்தல். மாதிரித் தொகுதி: அகப்பட்டவர்கள். அவர்களிலும் உறவினர்களே அதிகம். உறவினரிடம் ஒப்புதல் படிவம் வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இல்லை.

இனி கருதுகோள். காட்டுநர் பண்டத்தைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது காணுநரின் முகத்தை. நம்பாதவர்கள் அடுத்த முறை யாராவது வீடியோ காட்டும்போது சட்டென்று திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கவும். அரையடித் தூரத்தில் இரண்டு கண்கள், பாதி திறந்த வாய், சிரிப்பதற்குத் தயாராக ஏற்கெனவே சற்று மேலே போன கன்னம், இவை அத்தனையும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். திரையில் ஓடுவது அவருக்கு மனப்பாடம். உங்கள் முகம்தான் புதுப்படம்.

வரலாறு

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பண்டம் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் காட்டுநருக்கு முகம் பார்க்க நேரம் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சோவியத் ஒன்றியத்தில் தடை செய்யப்பட்ட இசையை, ஆஸ்பத்திரியில் வீணாகிக் கிடந்த எக்ஸ்ரே படலங்களில் பதித்து விற்றார்கள். படலத்தைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுத்துளையைச் சிகரெட் நெருப்பால் சுட்டு உண்டாக்கினார்கள். யாரோ ஒருவரின் விலா எலும்பு சுழல, அதிலிருந்து ஜாஸ் கேட்கும். பாட்டும் பண்டம்தான், அதைத் தாங்கிய தட்டும் பண்டம்தான். ஆனால் கொடுத்தவர் வாங்கியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மாட்டிக்கொண்டால் சிறை.

தமிழ்நாட்டில் இவ்வளவு ஆபத்து இல்லை. 1980களில் ரெக்கார்டிங் சென்டரில் ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிஷக் காலி கேசட்டை நீட்டிவிட்டு, “எப்ப வரட்டும்ணே?” என்று கேட்டுத் திரும்பி வந்தார்கள். ஒரு பக்கம் நிறைந்து கடைசிப் பாட்டு நடுச் சரணத்தில் வெட்டுப்படும். அந்த கேசட்டை நண்பனுக்குக் கொடுப்பது ஒரு தானம். திரும்பி வராது என்று தெரிந்தேதான் கொடுப்பார்கள். பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிய காலம். அதற்கும் நடுவே ப்ளூடூத் காலம்: இரண்டு போன்களையும் மேஜைமேல் ஒட்டி வைத்து, நீலப் பட்டை நகர்வதை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். பட்டை தொண்ணூறைத் தாண்டும்போது யாருக்காவது போன் வரும்.

இந்தக் காலங்களில் பண்டத்துக்கு விலை இருந்தது, காத்திருப்பு இருந்தது, கடன் கேட்கும் கூச்சமும் இருந்தது. நன்றி பண்டத்துக்கே போனது. இப்போது எந்தப் பண்டமும் எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் இருக்கிறது. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலையில், காட்டுநருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வரும்படி காணுநரின் முகம். அதனால்தான் அவர் பக்கத்திலிருந்து நகர மறுக்கிறார். பொருளியல் வல்லுநர்கள் இதை மறுத்தால் மறுக்கட்டும். அவர்களும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இதைத்தான் செய்கிறார்கள்.

செய்முறை

காட்டல் தேடலில் தொடங்குகிறது. “இரு, ஒரு நிமிஷம், உனக்கு ஒண்ணு காட்டணும்” என்று அறிவித்த பிறகே காட்டுநர் பண்டத்தைத் தேடத் தொடங்குவார். முன்கூட்டியே தேடி வைத்துக்கொண்டு அறிவித்த ஒருவரைக்கூட இந்த ஆய்வு கண்டதில்லை. தேடும் விரல் வழியில் கரண்ட் பில் ஸ்க்ரீன்ஷாட்டையும், ஆதார் அட்டையின் இரு பக்கங்களையும், யாரோ ஒரு குழந்தையின் மொட்டைப் படங்களையும், மங்கலாக எடுத்த மருந்துச் சீட்டையும் கடக்கும். இந்த நேரம் முழுக்க காணுநர் ஒரு புன்னகையை முகத்தில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். இறக்கினால் ஆர்வமில்லை என்று ஆகும். ஏற்றினால் இன்னும் வராததற்கே சிரிப்பதாக ஆகும். பண்டம் கிடைத்ததும் விளம்பரம் வரும். அதைத் தள்ளிவிட அனுமதி கிடைக்கும் வரைக்கும் அந்த ஐந்து வினாடி இருவரும் ஒரு பனியன் விளம்பரத்தை மிகுந்த கவனத்துடன் பார்ப்பார்கள்.

அடுத்தது பிடி. போனை நீட்டுவார், கொடுக்க மாட்டார். காணுநர் வாங்கப் போனால், காட்டுநரின் கட்டைவிரல் திரையின் கீழ் மூலையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பண்டத்தின் முக்கியப் பகுதி அந்த விரலுக்கு அடியில்தான் நடந்துகொண்டிருக்கும். மீறி வாங்கிவிட்டால், காட்டுநரின் கை போனுக்குச் சற்றுக் கீழே அகல விரிந்து நிற்கும். போன் விழுந்துவிடும் என்ற பயம் என்று முதலில் நினைத்தேன். அப்படியல்ல. மேலிருந்து ஏதாவது மெசேஜ் இறங்கிவிடும் என்ற பயம்.

பிறகு உரை. மூல நூலுக்கு உரை சொல்வது நம் மரபுதான். ஆனால் உரையாசிரியர்கள் மூலம் முடிந்த பிறகு தொடங்கினார்கள். காட்டுநர் மூலத்துக்கு முன்னாலேயே தொடங்குகிறார்.

“இப்ப வரும் பாரு.”

“எது?”

“இது இல்ல. இதுக்கு அப்புறம்.”

“இதுவா?”

“ஐயோ, பேசிட்டே இருந்ததுல போயிடுச்சு. இரு, பின்னாடி வைக்கிறேன்.”

பின்னாடி வைப்பதில் ஒருபோதும் சரியான இடம் வாய்க்காது. வெகு முன்னால் போய்விடும், அல்லது சிரிக்க வேண்டிய இடத்துக்கு அரை வினாடி தள்ளி விழும். இரண்டாம் தடவை காணுநருக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. அவர் சற்று முந்திச் சிரிக்கிறார். இதைக் காட்டுநர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் சொல்ல மாட்டார்.

இங்கே ஒரு நிகழ்வை முழுமையாகப் பதிவு செய்வது தேவை. பண்டம்: வியன்னாவில் 1998 முதல் இயங்கிவரும் காய்கறி இசைக்குழு. ஒவ்வொரு கச்சேரிக்கும் சந்தையில் புதுக் காய்கறி வாங்கி, கேரட்டைக் குடைந்து புல்லாங்குழலாக்கி, பூசணியை முரசாக்கி, லீக் தண்டுகளை உரசி வாசிப்பார்கள். கச்சேரி முடிந்ததும் வாத்தியம் செய்தது போக மிஞ்சிய காய்கறியில் சூப் வைத்து ரசிகர்களுக்குக் கொடுப்பார்கள். காட்டுநர் கல்லூரியில் படிக்கும் மகள். காணுநர் அரைமணி முன்புதான் சாம்பாருக்கு நறுக்கி முடித்த அம்மா. மகளின் திட்டம் தெளிவானது: முதலில் இசை, அம்மா வியந்ததும் சூப். சூப்தான் முடிச்சு.

அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒரு கேரட் புல்லாங்குழல் முழுசாக ஒலித்து முடியும் வரை பார்த்தார். பிறகு சொன்னார்: “இவ்வளவு கேரட்டையும் எச்சில் பண்ணிட்டாங்களே, இதையெல்லாம் அப்புறம் என்ன செய்வாங்க?”

மகளுக்கு முடிச்சு கையைவிட்டுப் போயிற்று. “சூப் வைப்பாங்கம்மா” என்றாள் சுரத்தில்லாமல். “எச்சில் கேரட்லயா?” என்றார் அம்மா. அடுத்த பத்து நிமிஷம் எச்சில் கேரட்டில் அல்ல, மிஞ்சிய கேரட்டில்தான் என்பதை விளக்குவதில் போயிற்று. இசை பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. இந்த நிகழ்வு காட்டியலின் முக்கியமான ஓர் உண்மையை நிறுவுகிறது: காணுநர் பார்ப்பது காட்டுநர் காட்டியதை அல்ல. ஒரு நடன வீடியோவில் பின்னால் நிற்கும் பெண், பெரியப்பா வீட்டு மருமகளைப் போல இருப்பதாகச் சொல்லும் காணுநர்களைத் தனி வகையாக ஆராய வேண்டும். அதற்கு வேறு கட்டுரை.

‘தெரியுமா’ வகைப் பண்டங்கள்

எல்லாப் பண்டமும் சிரிப்பை நாடுவதில்லை. வடிவமைப்பு, இசை சார்ந்தவற்றில் பெரும்பகுதி, “தெரியுமா?” என்ற கேள்வியோடு வருபவை. இவற்றில் போன் வெறும் சாட்சி.

விண்டோஸ் எக்ஸ்பி திரையில் வந்த பச்சைக் குன்றும் நீல வானமும் வரைந்ததல்ல, புகைப்படம், தெரியுமா? 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் சார்லஸ் ஓரியர் காரை நிறுத்தி எடுத்தது. அந்தக் குன்று அவ்வளவு பச்சையாக இருந்ததற்குக் காரணம், பூச்சி தாக்கியதால் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டதில் வெறும் புல் மண்டிக் கிடந்ததுதான். அவர் அன்றைக்குக் காதலியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார் என்ற தகவலைத் தேர்ந்த காட்டுநர்கள் கடைசிக்கு வைத்திருப்பார்கள். அதேபோல, விண்டோஸ் 95 தொடக்க ஒலியை அமைத்தவர் பிரையன் எனோ. ஊக்கம் தர வேண்டும், எதிர்காலம் தெரிய வேண்டும், உணர்ச்சி வேண்டும் என்று உரிச்சொற்களை அடுக்கிவிட்டு, மூன்றேகால் வினாடிக்குள் முடிய வேண்டும் என்று கேட்டார்களாம். அவர் 84 சிறு துண்டுகள் செய்தார், அவற்றையும் மேக் கணினியில் செய்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அவர் பட்டது புரியும்.

தமிழர்களிடையே இந்த வகையின் உச்சம் இளையராஜா பண்டம். “கேளு, என்ன பாட்டுன்னு சொல்லு” என்று காட்டுநர் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிவிடுவார். ஓடுவது எம்.ஐ.ஏ.வின் 2007 ஆல்பமான ‘கலா’வின் முதல் பாட்டு. லண்டன் தெரு போல ஏதோ இரைகிறது. அதற்குள்ளிருந்து 1991இல் வந்த ‘தளபதி’யின் காட்டுக்குயில் எட்டிப் பார்க்கிறது. அல்லது பிளாக் ஐட் பீஸ் 2003இல் வெளியிட்ட ஆல்பத்துக்குள் ‘ஸ்ரீ ராகவேந்திரா’ ஒளிந்திருக்கும். காட்டுநர் ஒரு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த இடம் வந்ததும் காற்றில் ஒரு வெட்டு வெட்டுவார்.

கருதுகோளுக்கு இங்கேதான் வலுவான ஆதாரம் கிடைக்கிறது. காணுநர் கண்டுபிடிக்காமல் விழித்தால் காட்டுநர் முகம் மலர்கிறது. “தளபதிதானே? எனக்குக் காலேஜ்லயே தெரியும்” என்றால், ராஜாவின் புகழ் ஒரு இம்மியும் குறையாவிட்டாலும் காட்டுநர் இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்கிறார். ராஜாவின் பெருமைக்காகத்தான் காட்டினார் என்றால் இரட்டிப்பு மகிழ்ச்சி அல்லவா வரவேண்டும்?

“ஏற்கெனவே பார்த்துட்டேன்” என்பது ஆகவே சாதாரண வாக்கியமல்ல. பண்புள்ள காணுநர் அதைச் சொல்வதில்லை. முதன்முறை பார்ப்பதாகவே புருவத்தை உயர்த்துவார். இதில் உறவுமுறையும் உண்டு. மாமனார் காட்டினால் மாப்பிள்ளை பார்த்ததையே மூன்றாம் தடவையும் புதிதாகப் பார்த்தாக வேண்டும்; மாப்பிள்ளை காட்டினால் மாமனார் “ம்” என்றால் போதும். மேலதிகாரி விஷயத்தில் மாமனார் விதியே பொருந்தும். தங்கைக்கு எந்த விதியும் இல்லை. அவள், “இது போன வருஷத்து வீடியோடா” என்பாள்.

பென்னி லாவா

இத்துறையில் தமிழுக்கு உலக வரலாற்றில் இடம் உண்டு. 2000இல் வெளியான ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தில் பிரபுதேவா ஆடிய கல்லூரி வானில் பாட்டுக்கு, 2007இல் பஃபலாக்ஸ் என்ற புனைபெயர் கொண்ட ஓர் அமெரிக்கர் யூடியூபில் ஆங்கில வரிகள் போட்டார். மொழிபெயர்ப்பு அல்ல. தமிழ் ஒலி அவர் காதில் எந்த ஆங்கிலச் சொல்லாக விழுந்ததோ அதையே எழுதினார். நம் நிலா அவருக்கு லாவாவாகி, பென்னி என்றொரு ஆள் பிறந்தார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், அவர் பெயரே இந்த வகை வேலைக்குப் பெயராயிற்று.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார். தமிழருக்கு முதலில் ஒன்றும் புரியாது. அவர் காதில் விழுவது நேரான காதல் பாட்டு. ஆனால் கண் எழுத்தைப் படித்துவிட்டால் காதும் அதன் பின்னால் போய்விடும். இரண்டாம் தடவை அவருக்கும் பென்னிதான் கேட்கிறார். தன் தாய்மொழிப் பாட்டு தனக்கே திரும்பிக் கிடைக்காமல் போகும் இந்த நிலை அபூர்வமானது. வெளிநாட்டு அலுவலகத்தில் சக ஊழியர் இதைத் தமிழரிடம் கொண்டுவந்து காட்டும்போது, காட்டுநர் தேடும் முகம் கிடைப்பதே இல்லை. சிரித்தால் பாட்டுக்குத் துரோகம், சிரிக்காவிட்டால் நகைச்சுவை உணர்வில்லாத இந்தியர். பெரும்பாலோர் பிரபுதேவாவின் காலைப் பார்த்துத் தலையாட்டித் தப்பித்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

இதற்கு நேரெதிர் 2019 மே மாதக் கடைசி. ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்து வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியலைத் தமிழர்கள் நினைவுகூர, அதில் அவர் ஏற்ற பாத்திரமான காண்ட்ராக்டர் நேசமணிக்காக ஊரே பிரார்த்தனை செய்தது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் காட்டுநர். காணுநர் ஒருவரும் இல்லை. முகம் தேவைப்பட்டவர்கள் டெல்லிக்கும் புனேவுக்கும் போன் போட்டு, அங்கிருந்த நண்பர்களுக்கு நேசமணி யார், சுத்தியல் எப்படி விழுந்தது, ஏன் விழுந்தது என்று விளக்கினார்கள். விளக்கி முடித்தபோது அந்தப் பக்கம், “அவர் இப்போது நலமா?” என்று கேட்டார்கள்.

சிரிப்பும் கடனும்

மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் சிரிப்பு பிறக்கும் இடங்களாக மடன், பேதைமை, இளமை, எள்ளல் என நான்கைக் காட்டுகிறார். காணுநரின் சிரிப்பை இந்த நான்கில் எதிலும் அடக்க முடியவில்லை. வாய் திறக்கிறது, மூக்கிலிருந்து சிறிது காற்று வெளிவருகிறது, தோள் ஒரு தடவை குலுங்குகிறது, கண் அப்படியே இருக்கிறது. ஐந்தாவதாகக் கடன் என்று ஒன்றைச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். மடனோடு எதுகையும் சரியாக விழுகிறது.

கடன் என்றால் வசூலும் உண்டு. காணுநர் சிரித்து முடித்த கையோடு தன் போனை எடுப்பார்: “இரு, நான் ஒண்ணு காட்டுறேன்.” மொய் எழுதியவருக்குத் திருப்பி மொய் வைப்பது போலத்தான், வாங்கியதற்குக் குறையாமல், முடிந்தால் பத்து ரூபாய் கூட்டி. எதிரில் இருப்பவர் இப்போது மூக்கால் காற்றுவிட வேண்டிய முறை. இந்தத் திருப்பு மொய் எந்த எல்லையில் நிற்கும் என்று கவனித்ததில், போனில் சார்ஜ் தீர்வது ஒன்றே இயற்கையான முடிவாகத் தெரிகிறது.

நேரில் காட்டாமல் அனுப்பிவிடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அதில் முகம் இல்லை. முகத்துக்குப் பதில் நீல டிக் இருக்கிறது, மஞ்சள் உருண்டை சிரிக்கிறது. 2018இல் வாட்ஸாப், கைமாறி வந்த செய்திக்கு அப்படியே முத்திரை குத்தத் தொடங்கியது. 2019இல் பலமுறை கைமாறியதற்கு இரட்டை அம்பு வந்தது. வதந்தியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. காட்டுநர்களுக்கோ அது மானப் பிரச்சினை. தாமே கடலில் மூழ்கி எடுத்த முத்து என்று அனுப்பியதன் தலையில், ஊரெல்லாம் சுற்றி வந்த சரக்கு என்று அச்சடித்திருக்கிறது. இதிலிருந்து தப்ப, வீடியோவைச் சேமித்துத் தாமே புதிதாக ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டியல் கலைஞர்கள் என்றே அழைக்கும். அனுப்பலின் இன்னொரு கிளை, 2007 முதல் உலகெங்கும் நடக்கும் ரிக் ஆஸ்ட்லி ஏமாற்று: ஏதோ அரிய பண்டம் என்று சொடுக்கினால் 1987இன் பாப் பாட்டு ஒன்று ஓடும். ஏமாந்தவர் முகத்தை ஏமாற்றியவர் பார்க்க முடியாது. இருந்தும் செய்கிறார்கள் என்றால், முகத்தைக் கற்பனை செய்துகொள்ளும் ஆற்றல் சிலருக்கு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது புதிதாகத் தோன்றியுள்ள ஒரு சிக்கல். ரீல்ஸ் வந்தபின், காட்டுநர் நீட்டிய திரையைக் காணுநர், குறிப்பாக இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பழக்க தோஷத்தில் மேலே தள்ளிவிடுகிறார். பண்டம் போய்விடுகிறது. அதன் இடத்தில் யாரோ பரோட்டா வீசுகிறார்கள், அடுத்து ஒரு நாய், அடுத்து ஒரு ஃபிளாட் விளம்பரம். காணுநர் பரோட்டாவுக்குச் சிரிக்கிறார். தன் பண்டத்துக்குத்தான் சிரிக்கிறார் என்று காட்டுநர் சில வினாடிகள் நம்புகிறார். அவர் பார்வை திரைமேல் இல்லை அல்லவா? எந்த நொடியில் அவருக்கு விஷயம் தெரிகிறது, அப்போது முகம் என்ன ஆகிறது என்பதைப் பதிவு செய்யப் பலமுறை முயன்றும் தரவு கிடைக்கவில்லை. அந்த நொடியில் காட்டுநர் போனைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்.